கடைசி வாய்தா வரைக்கும்



"கேஸ் போட்டாச்சுங்க. இனிமே நிறுத்த முடியுமா?"

பெரம்பலூரிலோ அரியலூரிலோ நீதிமன்ற வளாகத்தில், வாய்தாவுக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு நடுவே ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி காதில் விழும். யாரும் உரக்கக் கேட்பதில்லை. அண்ணன் டீ வாங்கப் போன நேரத்தில், அப்பா வக்கீலோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்பார்கள். கேட்பவர் பல நேரம் வழக்குப் போட்டவராகவே இருப்பார்.

நிறுத்தலாம் என்பதுதான் பதில். தீர்ப்புச் சொல்லும் நாள் வரைக்கும் நிறுத்தலாம். இது தெரியாமல், "போட்டுட்டோமே, ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சே" என்று வழக்கு இழுத்த பக்கமெல்லாம் நடந்து, பிரிய மனமில்லாமலே பிரிந்துபோகிறவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், திரும்பிப் போகவே கூடாத வீட்டுக்கு "வாபஸ் வாங்கிட்டுப் போம்மா" என்று அனுப்பப்படும் பெண்களும் உண்டு. இந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டுதான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் கணவன் ஒரு தேசத்திலும் மனைவி ஒரு ஊரிலுமாக ஓடும் குடும்பங்கள் நிறைய. துபாய், சிங்கப்பூர், சவூதி என்று போனவர் ஆண்டுக்கணக்கில் அங்கே இருப்பார். கல்யாணமான சில வாரங்களில் கிளம்பியிருப்பார். இருவருக்கும் இடையே இருப்பது கைப்பேசி மட்டும். அம்மாவின் கணக்குக்குப் பணம் போகிறதா, மனைவியின் கணக்குக்குப் போகிறதா என்பதில் முதல் பேச்சு முறியும். ஊரிலேயே இருக்கிறவர்களுக்கு வேறு கதை. சின்ன வெங்காயம் போடுவதற்கோ பருத்திக்கு மருந்தடிப்பதற்கோ மருமகளின் நகை அடகுக்குப் போகும். விலை விழும். நகை மீளாது. "என் பொண்ணு நகை எங்கே?" என்று சம்பந்தி கேட்கும் நாளில், அதுவரை கணவன் மனைவிக்குள் இருந்த மனத்தாங்கல் இரண்டு குடும்பங்களின் மானப் பிரச்சினை ஆகிவிடும். அதன்பிறகு மச்சான், சித்தப்பா, மகளிர் காவல் நிலையம், வக்கீல் நோட்டீஸ்.

அப்புறம் மனு. இங்கேதான் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்து திருமணச் சட்டத்தில் 13ஆம் பிரிவு சொல்லும் காரணங்களில் ஏதாவது ஒன்றுக்குள் உங்கள் வாழ்க்கையைக் கொண்டுபோய் வைத்தால்தான் ஒருவர் மட்டும் போடும் விவாகரத்து வழக்கு நிற்கும். பேசாமல் இருந்தார், நகையை மீட்டுத் தரவில்லை, அம்மா பேச்சையே கேட்டார் என்பதெல்லாம் மனுவில் ஏறும்போது "கொடுமை" என்ற தலைப்பின் கீழ் வந்துவிடும். வக்கீல் தன் வேலையைச் செய்கிறார். ஆனால் எதிர்த்தரப்பில் இருப்பவர் அந்தத் தாள்களை வாசிக்கும்போது, தன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர் தன்னைப் பற்றி இப்படியெல்லாம் சொல்லியிருக்கிறாரே என்று உடைந்துபோகிறார். பதில் மனுவில் அதைவிடக் கடுமையாக எழுதச் சொல்கிறார். வழக்குக்கு முன்னால் இருந்த சண்டையைவிட, வழக்குக் காகிதத்தால் வந்த சண்டை பெரிதாகி நிற்கும் வீடுகள் எத்தனையோ. மனுவில் இருப்பது வழக்குக்குத் தேவைப்பட்ட வாசகம். அதை வைத்து ஒருவர் மனசை அளந்துவிடாதீர்கள்.

வழக்கை நிறுத்துவது என்றதும் நினைவுக்கு வரும் பெயர் சுரேஷ்தா தேவி. இமாச்சலப் பிரதேசத்து ஹமீர்பூரில் நடந்தது. 1968இல் கல்யாணம் ஆனவர். 1985 ஜனவரியில் கணவரும் அவருமாகச் சேர்ந்து பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்தார்கள். ஒரு வாரம்தான் ஆனது. அந்தப் பெண் நீதிமன்றத்துக்கு வந்து, தன்னை மிரட்டி, நெருக்கி வாங்கிய கையெழுத்து அது, சொந்தக்காரர்களைப் பார்க்கக்கூட விடவில்லை, தனக்கு விவாகரத்தில் சம்மதம் இல்லை என்று சொன்னார். மாவட்ட நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். கணவர் உயர் நீதிமன்றம் போனார். ஒருமுறை கொடுத்த சம்மதத்தைத் தனியாகத் திரும்ப வாங்க முடியாது என்று சொல்லி உயர் நீதிமன்றம் விவாகரத்துக் கொடுத்துவிட்டது. சுரேஷ்தா தேவி விடவில்லை. 1991 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: பரஸ்பர சம்மதம் என்பது மனுப் போட்ட நாளில் இருந்தால் போதாது, தீர்ப்பு நாள் வரைக்கும் இருவரிடமும் இருக்க வேண்டும், நடுவில் ஒருவர் மனம் மாறி வேண்டாம் என்றால் விவாகரத்து இல்லை. 2009இல் ஸ்மிருதி பஹாரியா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வும் இதையே உறுதி செய்தது.

கையெழுத்துப் போட்ட ஒரு பெண், அதன்பிறகும் தன் வாய் தன்னுடையதுதான் என்று நின்றதால் நாடு முழுவதற்கும் கிடைத்த சட்டம் இது. பெரம்பலூரில் ஒரு மனைவியோ ஜெயங்கொண்டத்தில் ஒரு கணவனோ இன்று "எனக்கு இதில் இஷ்டமில்லை" என்று எழுந்து சொல்லும்போது, அவர் பின்னால் சுரேஷ்தா தேவி நிற்கிறார்.

பரஸ்பர சம்மத விவாகரத்து நம் சட்டத்தில் 1976இல் வந்தது, 13பி என்பார்கள். ஓராண்டு பிரிந்திருந்தவர்கள் சேர்ந்து மனுப் போடலாம். போட்டபின் ஆறு மாதம் காத்திருந்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து கேட்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைச் சும்மா வைக்கவில்லை. யோசிக்கத்தான் வைத்தார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை. 2017இல் அமர்தீப் சிங் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு, நெடுங்காலம் பிரிந்திருந்து, சமரச முயற்சி தோற்று, பிள்ளைகள், ஜீவனாம்சம் எல்லாம் பேசி முடித்தவர்கள் கேட்டால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்ய முடியும். கட்டுக்கட்டாக வரும் காகிதங்களில் அப்படி ஒரு மனுவும் இருக்கலாம். மனசு ஊசலாடுகிறவர் அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். யோசிக்க வைத்த நாட்கள் உங்கள் கையாலேயே போய்விடக் கூடாது.

ஒருவர் மட்டும் போட்ட வழக்கு என்றால் விஷயம் வேறு. அதை வாபஸ் வாங்கும் உரிமை போட்டவருக்கு மட்டும்தான். "வழக்கை நடத்த விருப்பமில்லை" என்று மெமோ போட்டு, நீதிபதி கேட்கும்போது அதை உறுதி செய்தால் முடிந்தது. ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. மறுபடி வழக்குப் போட அனுமதி கேட்டு வாங்காமல் வாபஸ் பெற்றால், அதே பழைய காரணங்களை வைத்துப் பின்னால் புதிதாக வழக்குப் போட முடியாது. ஆகவே அவசரமாக மெமோ எழுதாமல், அந்த அனுமதி தனக்கு வேண்டுமா, கிடைக்குமா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். புதிதாக ஏதாவது நடந்தால் அது புதிய காரணம். அதற்கு இந்தத் தடை இல்லை.

வழக்கு உங்கள் மேல் போடப்பட்டு, உங்களுக்குப் பிரிய விருப்பம் இல்லையென்றால் முதல் வேலை, போய் நிற்பது. சம்மன் வந்ததும் கோபத்தில் வாங்க மறுப்பதும், "அவன் போட்ட கேஸுக்கு நான் ஏன் போகணும்" என்று வீட்டிலேயே இருப்பதும் கேட்டுக் கேட்டுப் பழகிய கதைகள். வராதவர் மேல் ஒருதலைப்பட்சமாக, எக்ஸ்பார்ட்டியாக, தீர்ப்பு ஆகிவிடும். அதை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்குச் சட்டம் தரும் காலம் 30 நாள். சம்மன் முறையாகவே வந்து சேராதவருக்கு, தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு முப்பது நாள் என்பது கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் காலம்.

போய் நின்றபிறகு என்ன செய்யலாம்? சேர்ந்து வாழக் கோரி இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் எதிர்மனுப் போடச் சொல்லிப் பலர் ஆலோசனை சொல்வார்கள். யோசித்துச் செய்யுங்கள். அந்த மனுவில் ஜெயித்தாலும் யாரையும் கையைப் பிடித்து அழைத்து வந்து வீட்டில் விட நீதிமன்றத்தால் ஆகாது. அதோடு, ஜெயித்த நாளிலிருந்து ஓராண்டு சேர்ந்து வாழாமல் போனால், அதுவே விவாகரத்துக் கேட்க ஒரு காரணமாகிவிடும். இருவரில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சேரப் போட்ட மனு பிரியும் வழியாக மாறிய வழக்குகள் இருக்கின்றன. பதில் மனுவில் கோபத்தைக் குறைத்து, முதல் வாய்தாவிலேயே "சமரசத்துக்கு அனுப்புங்கள்" என்று நீதிபதியிடம் நேரடியாகக் கேட்பது இதைவிடப் பயன் தரும் என்பது என் எண்ணம்.

அப்படிக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. பெரும்பாலான விவாகரத்து வழக்குகளில் முதலில் சேர்த்துவைக்க முயல்வது நீதிமன்றத்தின் கடமை என்று இந்து திருமணச் சட்டம் 23ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. 1984இன் குடும்ப நீதிமன்றச் சட்டம் இன்னும் விரிவாகச் சொல்கிறது. நீதிபதி 15 நாள் வரை வழக்கைத் தள்ளிவைத்து, இரு தரப்பும் பெயர் சொல்லும் ஒருவரிடம் பேச அனுப்பலாம் என்றுகூட இந்து திருமணச் சட்டத்தின் அதே 23ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. அந்த ஒருவர் யாராகவும் இருக்கலாம். பள்ளியில் பாடம் சொல்லித் தந்த ஆசிரியர், இருவரையும் தெரிந்த மருத்துவர், எந்தப் பக்கமும் சாயாத ஒரு பெரியம்மா. இப்படி ஒரு வசதி இருப்பது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களுக்கு நாட்டுக்கே முன்னோடி சென்னை உயர் நீதிமன்றம். 2005 ஏப்ரலில் அங்கே மையம் திறந்தார்கள். பிறகு மாவட்டங்களுக்கும் அது வந்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் ஒரு விவாகரத்து வழக்கிலேயே, குடும்ப வழக்குகளில் சமரசத்தைக் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டும் என்று கீழ் நீதிமன்றங்களுக்குச் சொன்னது. சமரச அறையில் நீங்கள் சொல்வது வழக்கில் சாட்சியம் ஆகாது. பேச்சு முறிந்தால் "சமரசம் ஆகவில்லை" என்ற அளவில்தான் நீதிபதிக்குப் போகும். நகை விஷயமோ, நாத்தனார் சொன்ன சொல்லோ, எதையும் பயமின்றிச் சொல்ல இந்த ஒரு இடம் இருக்கிறது. ஒரு கோரிக்கை: அந்த அறைக்குள் முதல் முறை நீங்கள் இருவர் மட்டும் போங்கள். வேனில் வந்திறங்கிய சொந்தமெல்லாம் வெளியே இருக்கட்டும். சொந்தக்காரர்கள் அக்கறையோடுதான் வருகிறார்கள். ஆனால் அவர்கள் முன்னால் ஒருவன் "நான் செஞ்சது தப்புதான்" என்று சொல்லமாட்டான், ஒருத்தி "எனக்கு வரணும்னுதான் இருக்கு" என்று சொல்லமாட்டாள்.

ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயமும் வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வரும் விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும் என்பது 22ஆம் பிரிவு. அதைச் செய்தியாக்கவும் தடை உண்டு.

இனி எனக்கு மனம் கனக்கும் பகுதி. வழக்கை நிறுத்து என்று சொல்லும் எவரும், இந்தப் பக்கத்தை எழுதும் நானும் சேர்த்துத்தான், முதலில் கேட்க வேண்டியது: அந்த வீட்டில் அடி உண்டா? அடி இருந்த வீட்டுக்கு, குடியும் மிரட்டலும் மாறாத வீட்டுக்கு, "பிள்ளைகளுக்காகப் போ" என்று ஒரு பெண்ணை அனுப்புவதைச் சமரசம் என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது. பிறந்த வீட்டுக்கு வந்த மகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற கவலையிலோ, தங்கைக்கு வரன் பார்க்க வேண்டும் என்ற அவசரத்திலோ வாங்கப்படும் வாபஸ் மெமோக்கள் இருக்கின்றன. சுரேஷ்தா தேவி வழக்கில் நீதிமன்றம் காப்பாற்றியது கல்யாணத்தை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருவரின் சம்மதம் கடைசி வரைக்கும் அவருடையதாகவே இருக்க வேண்டும் என்றதுதான் அதன் அடிப்படை. பிரியச் சொல்லி நெருக்கினாலும் சேரச் சொல்லி நெருக்கினாலும் அது நெருக்கடிதான். வாபஸ் வாங்க மனமில்லாத பெண் நீதிபதியிடம் அதைத் தன் வாயால் சொல்லலாம். குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் மூலம்தான் பேச வேண்டும் என்பதில்லை.

"திரும்பிப் போய் வாழ்ந்துட்டா, நடந்ததெல்லாம் மன்னிச்சுட்டதா ஆயிடுமே, நாளைக்கு மறுபடி அடிச்சா என்ன சொல்வேன்?" இதையும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மனமறிந்து மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்தால், பழைய கொடுமையைக் காட்டி விவாகரத்துக் கேட்க முடியாது என்பது உண்மை. ஆனால் 1975இல் தாஸ்தானே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியபடி, அந்த மன்னிப்பு நிபந்தனை உள்ளது. இனி ஒழுங்காக நடப்பேன் என்ற நிபந்தனை. மறுபடி தவறு நடந்தால் மன்னிக்கப்பட்ட பழையதும் உயிர் பெற்று எழும். திரும்பிப் போகிறவர் எல்லாக் கதவையும் மூடிக்கொண்டு போவதில்லை.

போய்ப் பார்த்து, முடியாமல் மறுபடி வந்தால் அது அவமானமும் இல்லை. நம் அரியலூரையே பாருங்கள். 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்தது, 2002இல் மறுபடி சேர்ந்தது, 2007இல் தனி மாவட்டமாகவே ஆனது. அதனால் இந்த ஊர்க்காரர் அந்த ஊரில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் நின்றுவிடவில்லை. சேர்ந்து பார்க்கவும், முடியாதபோது மரியாதையாகப் பிரியவும் மனிதர்களுக்கு இடம் வேண்டும்.

சேர்வது என்று இருவரும் மனமார முடிவு செய்துவிட்டால், விவாகரத்து வழக்கை மட்டும் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஒரு சண்டைக்கு நான்கு வழக்குகள் இருப்பது இப்போது சாதாரணம். பெரம்பலூரில் கணவர் போட்ட விவாகரத்து, மனைவியின் ஊர்ப் பக்கத்து நீதிமன்றத்தில் ஜீவனாம்சம், குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஒன்று, காவல் நிலையத்தில் ஒரு எஃப்.ஐ.ஆர். ஜீவனாம்ச மனுவைப் போட்டவர் தானே வாபஸ் வாங்கலாம். ஆனால் மனைவியைக் கொடுமைப்படுத்தியதாக இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவில், 2024 ஜூலை முதல் நடந்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவில், பதிவான குற்ற வழக்கை இருவரும் கைகுலுக்கிக்கொண்டதால் மட்டும் முடித்துவிட முடியாது. உயர் நீதிமன்றத்துக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். சமரசம் உண்மையானது என்று தெரிந்தால் ரத்து செய்யலாம் என்று 2003இல் பி.எஸ். ஜோஷி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் வழி காட்டிவிட்டது. இதை விட்டுவிட்டு, ஓராண்டு நன்றாக வாழ்ந்தபின் ஒரு காலையில் சம்மன் வந்து நிற்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அந்த எஃப்.ஐ.ஆர். குறுக்கே வந்து நிற்பதையும் நினைத்துப் பாருங்கள். என்னென்ன வழக்கு, எந்தெந்த நீதிமன்றம், என்ன நம்பர் என்று ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எப்போது, யாரால் முடிக்கப்படும் என்று சமரச ஒப்பந்தத்திலேயே சேருங்கள். அடகில் இருக்கும் நகையை எந்த மாதம் மீட்பது, எங்கே குடியிருப்பது, பணம் யார் கணக்குக்கு வருவது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். சண்டை அதில்தானே தொடங்கியது.

தீர்ப்பே ஆகிவிட்டது, இப்போது மனம் மாறிவிட்டது என்றால்? ஒருதலைப்பட்ச தீர்ப்பு என்றால் ரத்து கேட்கலாம். எதிர்த்து நடந்த வழக்கென்றால் மேல்முறையீடு உண்டு. காலக்கெடுவை அன்றைக்கே வக்கீலிடம் கேளுங்கள். பரஸ்பர சம்மதத்தில் குடும்ப நீதிமன்றம் தந்த தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ஆனால் விவாகரத்தான இருவர், வேறு யாரையும் மணக்காமல் இருந்தால், மறுபடி ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொள்ள எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது. பதிவு அலுவலகத்தில் மறக்காமல் பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய பதிவு போதாது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் இந்து திருமணச் சட்டத்தை ஒட்டியது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கும் பரஸ்பர சம்மதத்தில் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. அவற்றைப் பற்றி வேறொரு இதழில் விரிவாக எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சமரச மையத்துக்குப் போகும் வழி எல்லாருக்கும் பொது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம். அடியும் மிரட்டலும் இருக்கும் வீட்டிலிருந்து பேசுகிறவர் 181ஐ அழையுங்கள். போகும்போது வழக்கு நம்பர், அடுத்த வாய்தா தேதி, மனுவின் நகல் மூன்றையும் எடுத்துப் போங்கள். வாய்தாவுக்கு முந்தைய நாள் போவதைவிட ஒரு வாரம் முன்னால் போனால் அவர்களுக்கும் மனுவைப் படிக்க நேரம் இருக்கும்.

இன்னும் கேட்க வேண்டியது இருந்தால் நமக்கு எழுதுங்கள். உங்கள் பெயரோ, ஊரோ, எதிர்த்தரப்பின் பெயரோ வேண்டாம். கேள்வி மட்டும் போதும். சட்டம் தெரிந்தவர்களிடம் காட்டிப் பதில் வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்